திரும்பும் பிரயாணச் சீட்டு

இறந்த காலத்தை மீட்டெடுத்தல் இயலுமா என்னும் வினாவுக்கு, தண்டவாளத்தின் மீது விடைகாண முயல்வோர் இங்கிலாந்தில் உளர். செவேர்ண் நதிப் பள்ளத்தாக்கிலே, கிடர்மின்ஸ்ரருக்கும் பிரிட்ஜ்நோர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 16 மைல் நீளமான நீராவிப் புகையிரதப் பாதையொன்று உண்டு. இதன் பெரும்பகுதி 1862 இல் திறக்கப்பட்டது. 1963 இல் பிரிட்ஜ்நோர்த்துக்கான பிரயாணிகள் சேவை நிறுத்தப்பட்டது. 1965 இல் ஆர்வலர் சிலர் சங்கமாகக் கூடினர். 1970 இல் புகையிரதம் மீண்டும் ஓடிற்று. இன்றும் இங்கு பணிபுரிவோருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்களே.

கோடை வார இறுதிகள் சிலவற்றில் இப்பாதை 1940 களுக்குத் திரும்பிவிடுகிறது. படைவீரர் உடையில் இளைஞர். சுருட்டுப் பிடிக்கும் 'சேர்ச்சில்'. சாளரக் கண்ணாடிகளிலே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய காகிதப் பட்டிகள். மேடையிலே யுத்தகாலப் பாடல்கள். கிடர்மின்ஸ்ரர் நிலையத்தின் செங்கட்டடத்தைக் கண்டு, நூறாண்டுப் பழமையென வியப்போர் பலர். அது 1980 களில் பழைய பாணியைப் பின்பற்றிக் கட்டப்பட்டதென்பதை அறிவோர் சிலர். இயந்திரத்தின் நிலையும் அத்தகையதே. விடியுமுன்னரே அடுப்பு மூட்டி, நீர் கொதித்து அமுக்கம் ஏறும்வரை மணிக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். நிலக்கரியால் உலகாண்ட நாட்டிலே சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டமையால், இத்தகைய புகையிரதங்கள் பிறநாட்டு நிலக்கரியை நாடவேண்டியுள்ளது.

அத்தகையதொரு நாளிலே, தொண்ணூறைத் தாண்டிய மூதாட்டி ஒருவரை அவருடைய குடும்பத்தினர் அழைத்து வந்தனர். உடன்வந்த கொள்ளுப்பேரனுக்கு வயது ஏழு. அரைக் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து, தோளிலே அட்டைப் பெட்டியொன்றை மாட்டியிருந்தான். நச்சுவாயு முகமூடிப் பெட்டியென்பது பாவனை. மேலங்கியிலே பெயர் எழுதிய அட்டை நூலிற் கட்டப்பட்டிருந்தது. யாவரும் அவனைப் படம்பிடித்து மகிழ்ந்தனர். மூதாட்டி மாத்திரம் அவ்வட்டையையே நோக்கிக்கொண்டிருந்தார்.

1939 செப்டெம்பர் 1 ஆந் திகதி, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நகரங்களிலிருந்து சிறுவரை வெளியேற்றும் பணி தொடங்கியது. முதல் மூன்று நாட்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர், தாய்மாருஞ் சிலர். பேர்மிங்காமிலிருந்து புறப்பட்ட சிறுமியருள் இம்மூதாட்டியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஐந்து.

புகையிரதம் விக்ரோறியாப் பாலத்தைக் கடந்தபோது, கீழே நதி ஒளிர்ந்தது. "இவ்வளவு அழகான பயணமா உங்களுடையது?" எனச் சிறுவன் வினவினான். அவர் சற்றுநேரம் பேசவில்லை. "எங்கே போகிறோமென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றார் பின்னர். நான்காண்டுகள் கழித்து வீடு திரும்பியபோது, நிலையத்திலே தம்மைக் கட்டியணைத்த பெண்மணி தாயென்பதை அறியாது விலகிநின்றதையும் சொன்னார். அன்று தாயின் முகத்திற் கண்டதை அவர் அதுவரை எவருக்கும் கூறியதில்லை.

பெட்டியில் இருந்தோர் மௌனமாயினர். சிறுவன் அட்டையைக் கழற்ற முயன்றான். "வேண்டாம், இருக்கட்டும்" என்று அவனுடைய கையைப் பற்றினார் மூதாட்டி.

இத்தகைய விழாக்கள் துயரத்தை வேடிக்கையாக்குகின்றன எனக் குறைகூறுவோர் உளர். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. எனினும், அந்த அட்டையும் புகையும் ஊதலும் இல்லையெனின், எண்பதாண்டுகளுக்கு மேல் அடைபட்டுக்கிடந்த அச்சொற்கள் வெளிவந்திருக்குமோ என்பது ஐயமே. போலியான நிலையமும் உண்மையான நினைவுக்கு வாயிலாகலாம்.

மாலையிலே கிடர்மின்ஸ்ரரில் இறங்குகையில், சிறுவனின் சட்டைப் பையிலிருந்து பிரயாணச் சீட்டு வெளியே தெரிந்தது. போவதற்கும் வருவதற்குமான சீட்டு அது. மூதாட்டி அதனை எடுத்து வாசித்து, மீண்டும் அவனுடைய பையினுள்ளே பத்திரமாக வைத்தார். அவர் ஐந்து வயதிற் புறப்பட்ட அன்று, அவரிடம் பெயர் எழுதிய அட்டை மாத்திரமே இருந்தது.