69 ஜிபி எங்கே போச்சு?



நம் சொந்தத்தில் ஒருவர், மகள் கல்யாண வீடியோவைப் பத்திரப்படுத்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினார். கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. “69 ஜிபியை அமுக்கிட்டான்” என்று கடையில் போய்ச் சத்தம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டார். அந்தக் கடைத் தம்பி என்னிடம் படித்தவன். அவன் மேல் குற்றமே இல்லை. அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தரையில் ஒரு மைல் 1.609 கி.மீ. கடல் மைல் என்றால் 1.852 கி.மீ. நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது 22 கி.மீ. தரை மைலில் கணக்குப் போட்டால் 19தான் வரும். மீதி 3 கி.மீ. கடலை யாரும் திருடவில்லை!

ஜிபியும் அப்படித்தான். டிஸ்க் செய்கிறவர்களுக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024×1024×1024, அதாவது 107,37,41,824 பைட். 1 டிபி என்பது லட்சம் கோடி பைட். அதை விண்டோஸ் கணக்கால் வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

1024 எதற்கு? கம்ப்யூட்டருக்கு எல்லாம் இரண்டின் மடங்கு. 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024. ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் ‘கிலோ’ என்றே கூப்பிட்டுவிட்டார்கள். கேபியில் 2.3 சதவீதம்தான் குறையும். ஜிபியில் கிட்டத்தட்ட 7. (கூட்டு வட்டிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா?) 1998லேயே 1024 கணக்குக்கு ‘கிபிபைட்’, ‘ஜிபிபைட்’ என்று தனிப் பெயர் வைத்தும் விண்டோஸ் மாறவில்லை. ஆப்பிள் 2009ல் மேக்கை ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் விண்டோஸைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான மோசடி வேறு இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி பென் டிரைவ்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். உள்ளே சின்னச் சில்லு. பெரிய அளவைக் காட்டும்படி பொய் எழுதி வைத்திருப்பார்கள். அது நிறைந்த பிறகு போடுகிற படங்கள் பெயர் அளவில் இருக்கும், திறக்காது. சிலதில் பழைய படங்களும் அழிந்துபோகும். எது வாங்கினாலும் வாங்கிய அன்றே முழுக்க நிரப்பி, முதலில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் திறந்து பாருங்கள். அதுவரை போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.