கெண்டையும் சுண்டெலியும்

கோலியனூரில் என் அத்தைக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். டாக்டர், "காஃப் மஸில்" என்று ஏதோ விளக்கினார். அத்தையின் காதில் விழுந்தது காபி மட்டுமே! அன்றே காபியை விட்டாள். காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னதோ மனத்தில் ஏறவில்லை. வீக்கம் மேலும் ஒரு வாரம் நீடித்தது.

அத்தையின் வார்த்தையில் என்ன குறை? ஆடுசதையின் புடைப்பில் நம்மவர் கெண்டை மீனைக் கண்டார்கள். ரோமாபுரியார் தசையில் கண்டது சுண்டெலியை. 'மஸில்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் சிற்றெலி என்றே பொருள். எலியைவிட மீன் கௌரவமானது என்பது என் கட்சி. கணுக்காலும் அப்படியே. கரும்பு விளையும் எங்கள் பக்கத்தில் கணு இன்னதென்று யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. கரும்பின் கணுவே காலிலும் விரலிலும் இருக்கிறது.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலை வெளியிட்டார். பெயரில் வடமொழி சற்றுத் தூக்கல்தான். ஆயினும் அவருடைய மாணாக்கர்கள் தமிழிலேயே பாடம் கேட்டு வைத்தியரானார்கள்.