பாட்டிலுக்குள் ஒரு குடித்தனம்

சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் எட்டுக்கால் பூச்சி வளர்கிறது!

சிலந்தியைக் கண்டாலே துடைப்பத்தைத் தேடுகிறவள் நான். போன மார்கழியில் என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை மாற்றலாகி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் குடிவந்தோம். வழியெல்லாம் என் பத்து வயது மகன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சுவரில் ஈயைத் தாவிப் பிடிக்குமே, அந்தச் சின்னச் சிலந்தி உள்ளே.

அதற்கும் புது வீடு வேண்டுமென்றான். பெரிய பிஸ்கட் பாட்டிலைக் கொடுத்தேன். மாற்றியதிலிருந்து அது தின்னவில்லை. அவனும்தான். புதுப் பள்ளிக்கூடம், தெருப் பிள்ளைகள் பேசுவது கன்னடமும் தெலுங்கும். வைத்த தோசை தட்டில் அப்படியே இருக்கும்.

நான் சும்மா இருப்பேனா? அவனுக்கு அதட்டி ஊட்டினேன். பாட்டிலை வெயிலில் வைத்தேன், குலுக்கிப் பார்த்தேன், ஒரு கரப்பானைப் பிடித்துப் போட்டேன். மூடியருகே வெள்ளையாக இருந்ததை ஒட்டடை என்று துடைத்தும் விட்டேன். பள்ளியிலிருந்து வந்தவன் அழுத அழுகை! "அதும்மா அதோட வீடு. அதையும் காலி பண்ணிட்டியே!" அந்த 'அதையும்' எனக்குச் சுருக்கென்றது.

அவனுடைய அறிவியல் டீச்சர்தான் விளக்கினார். இந்த ரகம் இரைக்காக வலை கட்டாது. உறங்கவும் தோலுரிக்கவும் நூலால் சிறு பை நெய்துகொள்ளும். இடம் மாறினால் சில நாள் தின்னாமல் இருப்பது சகஜம். தோலுரிக்கும்போது உடம்பு மெத்தென்றிருக்கும். கூட விட்ட கரப்பானே அதைக் கடித்துவிடலாம். கிருஷ்ணகிரியைவிட ஓசூரில் குளிர் அதிகம், அதில் சற்று மந்தமாகும். அதற்காக வெயிலில் வைத்தால் பாட்டில் அடுப்பாகிவிடும்.

ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டு, 1899-ல் பெயர் சூட்டப்பட்ட நீலச் சிலந்தி ஒன்று உண்டாம். அது மரக்கட்டையோடு ரயிலேறி வந்தது என்று கருதுகிறார்கள். சொந்த இடம் நந்தியால் பக்கத்துக் காடு. இதைக் கேட்டதும் பையனுக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு.

கரப்பானை எடுத்தோம். மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டி, ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து, கண்ணாடியில் இரண்டு சொட்டு நீர் தெளித்து, அலமாரி மூலையில் வைத்தோம். அவன் தட்டையும் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். கை பரபரக்கும், என்ன செய்வது!

ஒன்பதாம் நாள் குச்சி நுனியில் புதுப் பை. இன்னும் நாலைந்து நாளில் அதன் வாயில் கண்ணாடி போல ஒரு தோல், எட்டுக் காலுக்கும் உறையோடு! இரண்டு நாள் விட்டு ஒரு சின்ன ஈயை விட்டோம். ஒரே தாவல்.

பையன் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பையனை இழுத்து வந்தான். "ஜேடா! ஜேடா!" என்று இருவரும் கன்னடத்தில் கத்துகிறார்கள். அன்று ராத்திரி அவனே மூன்று தோசை கேட்டான். மாவு இரண்டுக்குத்தான் இருந்தது.