பலகைக்குக் கீழே

மாட்சைக்கர் தீவில் இறங்கி மூன்றாம் கிழமை, என் வலது கால் ஒரு பறவையின் வீட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. புல் வெட்டும் இயந்திரத்தைத் திருப்புவதற்காகப் பாதையை விட்டு ஒரே ஒரு அடி வெளியே வைத்திருந்தேன். "அசையாமல் நில்லும்!" என்று என் கணவர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். காலுக்குக் கீழே உயிர் ஏதும் இருக்குமோ என்ற பயத்தில் நான் மூச்சுக்கூட விடவில்லை.

காலை மெல்ல எடுத்த பிறகு இருவரும் புல்லில் குப்புறப் படுத்து, இடிந்து விழுந்த கரிய மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வெளியே போட்டோம். என் கை தோள்மூட்டு வரைக்கும் போனபின்தான் வளையின் கடைசி தட்டுப்பட்டது. கொஞ்சம் காய்ந்த புல், இரண்டு இறகுகள். ஆள் இல்லை. பகலில் அவை கடலில் நிற்கும். சாமான் பெட்டியொன்றின் பலகையைக் கழற்றி வந்து ஓட்டைக்கு மேலே வைத்து, அதற்குமேல் மண்ணும் புற்கரணையும் போட்டு மூடினோம். வளையின் வாசலில் இவர் நாலு தீக்குச்சிகளைச் சின்ன வேலி மாதிரி நட்டுவிட்டார். இரவில் யாராவது உள்ளே போனால் குச்சி சரியும். பறவைகளை ஆராய்கிறவர்கள் செய்கிற வேலை அது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. விடியப்புறம் சப்பாத்துக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு குச்சியும் விழுந்து கிடந்தன.

தஸ்மேனியாவின் தென்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இந்தத் தீவு. பரப்பளவு இருநூறு ஹெக்டேயருக்குக் கொஞ்சம் குறைவு. 1891 இல் ஏற்றிய வெளிச்சவீட்டு விளக்கை 1996 இல் அணைத்துவிட்டு, வேறிடத்தில் தானாக எரியும் விளக்கொன்றை வைத்தார்கள். விளக்குக்காரர்கள் போய்விட்டாலும் அவர்கள் குடியிருந்த வீடுகளும் பாதைகளும் கோபுரமும் அங்கேயே நிற்கின்றன. பார்க்க ஆள் இல்லாவிட்டால் உப்புக்காற்று சில வருடங்களில் எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் பூங்காத் துறை ஆறு மாதத்துக்கு இரண்டு பேர் என்று தொண்டர்களைப் பராமரிப்பாளராக அனுப்புகிறது. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நாங்கள் விண்ணப்பித்தோம்.

ஆறு மாதச் சாப்பாட்டையும் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். அரிசி, பருப்பு, வறுத்த அரிசிமா, அக்கா இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாவற்றையும் மூடி இறுகிய வாளிகளில் அடைத்தோம். ஓர் எலி ஒளித்திருந்து போனாலும் நிலத்துக்குக் கீழே முட்டையிடும் பறவைகளின் கதை முடிந்துவிடும். சப்பாத்தின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய விதைகளை ஊசியால் கிண்டி எடுத்தோம். பிறகு ஹெலிகொப்டர்.

தீவின் பெயரை முதலில் கேட்டபோதே எனக்கு எங்கேயோ படித்த ஞாபகம் வந்தது. 1642 இல் இந்தக் கரையைக் கடந்த ஏபல் தாஸ்மான், பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்தர் சபையின் உறுப்பினர் ஒருவருடைய பெயரை இதற்கு வைத்தார். அந்த மாட்சைக்கர் பிறகு 1646 முதல் 1650 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் ஆளுநர். அவர் பத்தாவியாவில் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில்தான், 1658 இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. நான் பிறந்த நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. மாட்சைக்கர் இங்கே கால் வைத்ததே இல்லை. அவருக்கு முன்பே இந்த நிலத்துக்குப் பழங்குடி மக்கள் மரப்பட்டை ஓடங்களில் இந்தக் கடலைத் தாண்டி வந்து போயிருக்கிறார்கள். அந்த அலையைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஓடங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேலை என்றால் முக்கால்வாசி புல்தான். ஒரு பக்கத்தை வெட்டி முடிக்கும்போது மறுபக்கம் வளர்ந்து நிற்கும். எதற்கு இந்த வீண்வேலை என்று தொடக்கத்தில் மனதுக்குள் புறுபுறுத்தேன். பாதை தெரிந்தால்தான் மனுசர் பாதையில் நடப்பார்கள். புல் மூடினால் விலகி நடப்பார்கள். விலகினால் என் கால் போன மாதிரித்தான் போகும். அந்த வளை இடிந்த நாளிலிருந்து நான் புறுபுறுக்கவில்லை. மிச்ச நேரத்தில் பீலி துப்புரவாக்குவோம். குடிக்கிற தண்ணீர் கூரையில் விழுகிற மழைதான். சுவரில் பூக்கிற பூஞ்சணத்தைத் துடைப்போம், கண்ணாடியில் படிகிற உப்பைக் கழுவுவோம். நெடுந்தீவில் நல்ல தண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்து வளர்ந்தவளுக்கு, ஓயாமல் பெய்கிற இந்த மழை முதல் மாதம் முழுக்க ஒரு செல்வமாகவே தெரிந்தது. இரண்டாம் மாதம் உடுப்புக் காயவில்லை என்று இவரோடு சண்டை பிடித்தேன்.

காலை 9 மணிக்கு மழைமானியை அளப்போம். ஒரு நாளைக்கு இருதரம் வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம் என்று எழுதுவோம். கடலைப் பார்த்து அலையின் உயரமும் திசையும் எழுதுவோம். "எட்டுக்கு ஏழு" என்பார் இவர். "இல்லை, எட்டும்தான், வடிவாய்ப் பாருங்கோ" என்பேன். இந்த வாக்குவாதம் ஆறு மாதமும் நடந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வானத்தைக் கடமைக்காகப் பார்க்கப் பழகிய கண், பிறகு கடமை இல்லாமலும் பார்த்தது. அப்படி அலையை அளக்க நின்றபோதுதான் அல்பட்ரோஸ் பறவைகளைக் கண்டேன். தூரத்தில் மியூஸ்டோன் என்ற பாறைத் தீவு தெரியும். உலகத்தில் ஷை அல்பட்ரோஸ் குஞ்சு பொரிப்பது தஸ்மேனியாவின் மூன்று தீவுகளில் மட்டும்; அதில் ஒன்று அது. இறகை ஒருமுறைகூட அடிக்காமல், அலையின் முதுகை உரசிக்கொண்டு காற்றை மட்டும் நம்பி அது போகும். இவர் பேனையைத் திறந்தபடி எழுத மறந்து நிற்பார்.

கீழே பாறைகளில் சீல்கள். காற்று மாறினால் அவற்றின் மணம் குசினிக்குள் வந்துவிடும். மார்கழியில் குட்டிகளின் குரல் கேட்கத் தொடங்கியது. ஆட்டுக்குட்டி கத்துவது போலவே இருக்கும். தாய் கடலிலிருந்து ஏறி வந்து ஒரு குரல் கொடுக்கும். அத்தனை குட்டிகளுக்குள்ளும் ஒன்று மட்டும் திரும்பக் குரல் கொடுக்கும்.

ஆனால் என் மனதை எடுத்துக்கொண்டது, நான் கூரை உடைத்த அந்த வளைக்குச் சொந்தக்காரனான மட்டன்பேர்ட்தான். அந்த நாளில் குடியேறியவர்கள் கொழுத்த குஞ்சுகளைப் பிடித்துத் தின்றதால் வந்த பெயர் அது. தஸ்மேனியப் பழங்குடியினர் யூலா என்கிறார்கள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடின எடை, புகைக்கரி நிறம். வட பசுபிக்கின் மேல் எல்லை வரைக்கும் போய், புரட்டாதி கடைசியில் போன வருடத்து அதே வளைக்கு, பெரும்பாலும் அதே துணையிடம் திரும்பி வரும். பொழுது பட்ட பிறகுதான் தரைக்கு வரும். வீட்டு வெளிச்சம் அவற்றைத் தடுமாற வைத்துவிடும் என்பதால் மைம்மல் பொழுதிலேயே திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருட்டில் படியில் இருப்போம். முதலில் ஒன்று தலைக்கு மேலே கீறிக்கொண்டு போகும். பிறகு பத்து. பிறகு எண்ண முடியாது. தொப்புத் தொப்பென்று பற்றைக்குள் விழும். அதன்பிறகு மண்ணுக்குக் கீழே இருந்து ஒரு முனகல் தொடங்கும். தீவு முழுக்க அடித்தொண்டையால் கதைப்பது போல.

கார்த்திகை தொடக்கத்தில் ஓரிரவு அந்தச் சத்தம் நின்றது. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்று எனக்கு நெஞ்சு இடித்தது. வீட்டிலிருந்த புத்தகத்தில் தேடி எடுத்துத்தான் மனம் ஆறியது. முட்டையிடுவதற்கு முன்னால் சோடிகள் இரண்டு மூன்று கிழமை கடலுக்குப் போய் வயிறு நிறையத் தின்று வருமாம். நவம்பர் 25 ஐ ஒட்டிய சில நாட்களுக்குள் எல்லாம் திரும்பி வந்து முட்டையிட்டுவிடும். வளைக்கு ஒன்றே ஒன்று. அப்படியேதான் நடந்தது. நவம்பர் 23 இரவு, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு இருவரும் வெளியே ஓடினோம். "வந்திட்டினம், வந்திட்டினம்" என்று நான் கத்தினேன். இவரும் சேர்ந்து கத்தினார். கேட்பதற்கு அந்தக் கடலில் வேறு யாரும் இல்லை.

பலகை வைத்து மூடிய வளைக்கும் ஆள் வந்தது. முதலில் ஆண்தான் அடையிருக்கும், பன்னிரண்டு பதினாலு நாள் பட்டினியோடு. பிறகு பெண் மாறும். 53 நாளளவில் குஞ்சு. தை நடுப்பகுதியில் ஒருநாள் பின்னேரம் பலகைக்குப் பக்கத்தில் காதை வைத்துப் படுத்திருந்தேன். மிக மெல்லிய கீச்சுக்குரல் ஒன்று. "இஞ்சாருங்கோ, வந்து கேளுங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன். இவருக்கு ஒரு காது மந்தம். நல்ல காதை மண்ணில் வைத்து வெகுநேரம் படுத்திருந்தார். எழும்பியபோது கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, கேட்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

நெடுந்தீவில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பவளக்கல் வேலி. காணிக்குள் யாரும் இல்லாத வருடங்களில், அயலில் ஒரு கிழவி தினமும் வந்து சரிந்த கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போவாராம். 2010 இல் போனபோதுதான் அம்மாவுக்கு அது தெரிந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. வேலி மட்டும் இருந்தது. அந்தக் கிழவியின் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. தீவில் புல் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ பொழுதில் அவரை நினைத்தேன்.

பங்குனியில் எங்கள் முறை முடிந்தது. அடுத்து வந்த சோடி இளம் பிள்ளைகள். பீலியின் ஒழுக்கு, ஒட்டிக்கொள்ளும் கதவு எல்லாம் காட்டிவிட்டு, கடைசியாகப் பலகையடிக்குக் கூட்டிப்போனேன். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று அவர்களுக்கு முன்னால் நடந்து காட்டினேன். தீப்பெட்டியையும் கொடுத்தேன். குஞ்சு அப்போது தாயைவிடப் பருத்திருந்தது. ஆனால் உடம்பெல்லாம் இன்னும் பஞ்சு. சித்திரையில் பெற்றார் முந்திப் போய்விடுவார்கள். குஞ்சு தனியே கிடந்து, பசித்து, உடம்பு வற்றி, சிறகு முற்றியதும் ஓரிரவு தானே கிளம்ப வேண்டும். வழி காட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

மெல்பேணில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபின், மே மாதம் இரண்டாம் கிழமை அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மேற்குக் காற்று மூன்று நாளாகப் பலமாக அடிக்கிறதாம். முதல்நாள் விடிய, பலகை வளையின் குச்சிகள் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தனவாம். திரும்ப நட்டிருக்கிறார்கள். அதன் பிறகு விழவில்லையாம்.