மூட்ட ஏத்துன ஆளு எங்க?

போடிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928ல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டது 1950களில்தான். "சண்டைக்கு ரயிலத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று எங்க அம்மாச்சி சொல்லும். அந்தச் சண்டையின் கப்பல் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. ட்ரம்பெட்டர் என்ற சீனக் கம்பெனி செய்தது. உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள். நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல். நிஜத்தில் 441 அடி நீளம். 350ல் ஒரு பங்காக்கினால் 38 சென்டிமீட்டர். 1941க்கும் 1945க்கும் இடையில் அமெரிக்கா இப்படி 2,710 கப்பல்களை ஒரே வரைபடத்தில் கட்டியது. 1942 நவம்பரில் ஒரு கப்பலை ஐந்து நாளுக்குள் பற்றவைத்து முடித்தார்கள். பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்கே எனக்கு அஞ்சு மாசம்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டின் பதினேழு வளைவும் ஏறிப்போய் ஏலக்காய் எடுத்தவள் அவள். குத்தவைத்து, தூருக்குள் தலையை விட்டுத்தான் காய் எடுக்க முடியும். அந்த முதுகு இன்னும் நிமிரவில்லை. அப்பா போடியில் மூட்டை தூக்கினார். அம்மா கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பீரங்கி இருக்கிறது, படகு இருக்கிறது, பாரந்தூக்கி இருக்கிறது, ஐந்து சரக்கறை இருக்கிறது.

"இம்புட்டுக்கும் மூட்ட ஏத்துன ஆளு எங்கடா?"

அவள் வேலைபார்த்த எஸ்டேட் ஆபீசில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும். பங்களா, காய் உலர்த்தும் ஸ்டோர், ஜீப்பு எல்லாம் அதில் உண்டு. காய் எடுத்தவள் இருக்கமாட்டாள்.

ஏத்துன ஆளைத் தேடித்தான் படித்தேன். 1942 வரைக்கும் அமெரிக்கக் கடற்படையில் கருப்பருக்குச் சமையல்கட்டும் எடுபிடி வேலையும்தான். அதன்பிறகு கதவைத் திறந்தோம் என்றார்கள். கலிஃபோர்னியாவில் போர்ட் சிகாகோ என்ற துறையில் குண்டு ஏற்ற விட்டார்கள். ஏற்றுகிறவன் கருப்பன், மேலே நின்று விரட்டுகிற அதிகாரி வெள்ளையன். வெடிமருந்தைக் கையாள முறையான பயிற்சி கிடையாது. எந்தக் கூட்டம் அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள். பிறப்பைப் பார்த்து வேலை பிரிப்பதற்கு நமக்கு யாராவது விளக்கவுரை எழுத வேண்டுமா?

1944 ஜூலை 17 ராத்திரி, இ.ஏ.பிரையன் என்ற லிபர்ட்டி கப்பலில் 98 பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வெடித்தது. துறையில் செத்தவர்கள் 320 பேர். அதில் கருப்பினக் கடற்படையாட்கள் 202. பிழைத்த வெள்ளை அதிகாரிகளுக்கு லீவு கொடுத்தார்கள். பிழைத்த கருப்பர்களை அடுத்த மாதமே மறுபடியும் குண்டு ஏற்றச் சொன்னார்கள். மாட்டோம் என்றவர்களில் 50 பேரைக் கலகக்காரர்கள் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அந்தத் தண்டனைகள் தப்பு என்று கடற்படை ஒத்துக்கொண்டது 2024 ஜூலை 17ல். எண்பது வருசம்.

நம்ம பக்கமும் நடந்தது. அதே 1944 ஏப்ரல் 14ல் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். செத்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். வருசா வருசம் அஞ்சலியும் உண்டு. அது வேணும்தான். மொத்தச் சாவை மட்டும் 800 என்றும் 1,300 என்றும் எழுதுகிறார்கள். துறைமுகக் கூலிக்கு ஏது கணக்கு?

எல்லாம் ஒரே வரைபடம் என்பதால் முகப்பில் எழுதுகிற பேர்தான் கப்பல். எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவன் 'புக்கர் டி. வாஷிங்டன்' என்று எழுதச் சொன்னான். கருப்பர் ஒருவர் பேரில் மிதந்த முதல் லிபர்ட்டி அது, 1942ல். அதன் கேப்டன் ஹ்யூ முல்சாக்கும் கருப்பர். கேப்டன் சான்றிதழை வைத்துக்கொண்டு இருபது வருசத்துக்கு மேல் காத்திருந்தவர். கருப்பர் மட்டுமே உள்ள கப்பல் எனக்கு வேண்டாம், எல்லாரும் கலந்து வேலை செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். "நம்ம ஆளு ஜெயிச்சதை வைண்ணே, செத்ததையே எத்தனை நாளைக்கு வைப்ப?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. ஆனாலும் அம்மா கேட்டது கேப்டனை அல்ல. 'இ.ஏ.பிரையன்' என்றே எழுதினேன். அதுவும் ஒரு கல்லூரித் தலைவரின் பேர்தான்.

மிச்சமான சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் நூலாக வரும். அதை அஞ்சு மில்லிமீட்டருக்கு நறுக்கினால் ஒரு ஆள். ஏலரிசியைவிடக் கொஞ்சம் நீளம். கருப்பு மை தொட்டு, இடுக்கியால் எடுத்து வைக்கிறேன். "குனிய வைடா, சொம தூக்குறவன் நிமிந்தா நிப்பான்?" என்கிறாள் அம்மா. ஒவ்வொன்றையும் சூடுகாட்டி வளைக்க வேண்டியிருக்கிறது. 61 பேர் ஆச்சு. மூன்றாவது சரக்கறைக்கு இன்னும் ஆள் வேணும்.