ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்கு நிற்கிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். சட்டைப் பையில் மொய்க் கவர் எட்டிப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறவர். மொபைலில் யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையலறைப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், வீடு பார்க்கப் போகிறவர்.

நான் இரண்டாவது ரகம். ஆறு மாதமாக.

நங்கநல்லூரில் அப்பா வாங்கிப் போட்ட ஃப்ளாட் எங்களுடையது. இரண்டாவது மாடி, 620 சதுர அடி. முப்பத்திரண்டடி ஆஞ்சநேயர் நடக்கிற தூரத்தில். அவருக்கு இருக்கும் இட வசதி எங்களுக்கு இல்லை. அம்மா, மனைவி, வளர்ந்துகொண்டே போகும் இரண்டு பையன்கள். அப்பா போன பிறகு அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கும் இருக்கிறது. ஆகவே இதை விற்று, பங்கைக் கொடுத்து, மிச்சத்தோடு பாங்க் கடனையும் போட்டுத் தாம்பரம் தாண்டி ஒரு வீடு வாங்குவது என்று குடும்ப மாநாட்டில் தீர்மானம். விற்கிறவனும் நானே, வாங்குகிறவனும் நானே. இதில் ஒரு சௌகரியம்... ஒரே ஆள் திருடனாகவும் போலீஸாகவும் இருக்க முடிகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரயில் கிளம்பிவிட்டது. மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வாருங்கள். வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கமெல்லாம் அதில் இருக்கும். தாங்கல் என்றாலே சின்ன ஏரி. பழவந்தாங்கல்காரன் நானே சொல்கிறேன். தி.நகர் என்ன ஒசத்தி? 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதுதான். ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' மட்டும் இன்னும் இருக்கிறது. வியூதான் இல்லை. ஆகவே பெயரில் ஏரியோ, தாங்கலோ, குளமோ இருந்தால் பயந்து ஓட வேண்டாம். ஆனால், 'தண்ணீர் முன்னே எங்கே நின்றது? இப்போது எங்கே போகிறது?' என்று இரண்டு கேள்வி கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தாம்பரம் மேற்கில் புரோக்கர் பைக்கோடு காத்திருந்தார்.

"ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷம் ஸார். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வேற வந்துடுச்சா... இனிமே இந்தப் பக்கம் தொட முடியாது!"

புரோக்கர்களின் ஐந்து நிமிஷம் என்பது தனிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, பைக்கில், சிக்னலே விழாமல், ஹெல்மெட் போடாமல் போகும் ஐந்து நிமிஷம் அது. அதே தூரத்தைத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஷேர் ஆட்டோவில் அரை இருக்கையில் தொங்கிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கடன் இருபது வருஷம். தினம் எழுபது நிமிஷம். பெருக்கிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும், பெருக்காதீர்கள்.

முடிச்சூர்ப் பக்கம் தனி வீடு. வாசலில் கோலம். உள்ளே சாம்பிராணி வாசனை. தந்த நிறத்தில் புத்தம் புது பெயின்ட். பெண் பார்க்கும் படலத்தில் பெண்ணுக்குப் பூ வைத்து உட்கார வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வீட்டை உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கேசரி கொடுத்தார். நான் கேசரியில் மயங்குகிற ஆள். மனசுக்குள் பூஜை அறைக்கு விளக்கு மாட்டி, பையன்களுக்கு ஆளுக்கொரு மேஜை போட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு வாசகமே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் மனைவி கேசரியைத் தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... பிளக் பாயின்ட் எல்லாம் ஏன் இவ்வளவு உசரத்துல வெச்சிருக்காங்க?"

பார்த்தேன். ஹால், பெட்ரூம், சமையலறை... ஒரு பிளக்கூட என் மார்புக்குக் கீழே இல்லை. ஃப்ரிட்ஜ் இரண்டடி சிமென்ட் மேடையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது.

புரோக்கர் அசரவில்லை. "குழந்தைங்க கைய விட்றக் கூடாது பாருங்க மேடம். சேஃப்டி!"

அடடா, என்ன அக்கறை என்று நான் தலையாட்டினேன். மனைவி ஆட்டவில்லை. வெளியே வந்ததும், "நான் அந்த இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று தெருமுனைக்குப் போனாள்.

இங்கே ஒரு பாடம். ஒரு தெருவைப் பற்றி வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் தெரியாதது (அல்லது தெரிந்தும் மறந்துபோவது) மூன்று பேருக்குத் தெரியும். இஸ்திரி போடுகிறவர், தண்ணீர் கேன் போடும் பையன், டீக்கடைக்காரர். இஸ்திரிக்காரருக்கு எந்த வீடு எத்தனை தடவை கைமாறிற்று என்பது மனப்பாடம். கேன் பையனிடம், "இந்தத் தெருவில் வீட்டுக்கு எத்தனை கேன்?" என்று கேட்டால் போர்த் தண்ணீரின் ஜாதகமே வந்துவிடும். சமையலுக்கும் கேன் என்றால், குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முகம் தானாகக் கோணும்.

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிர் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். அவர் இடுப்புக்கு மேலே மங்கலாக ஒரு கோடு.

"2015 டிசம்பர்மா. தோ, அது வரைக்கும். இங்கேருந்து மாடில இருந்தவங்களை போட்ல கூட்டிட்டுப் போனாங்க."

அந்த வருஷம் அடையாறு கரை மீறி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு ஓடியது நாடறிந்த விஷயம். எனக்கும் தெரியும். டி.வி.யில் பார்த்து 'உச்' கொட்டியவன்தான். கேசரி மறக்கடித்துவிட்டது!

அந்தப் பகுதியில் வடிகால் வேலைகள் பிறகு நிறைய நடந்திருக்கின்றன. எல்லாத் தெருவும் முழுகுகிற தெருவும் அல்ல. அதனால்தான் சொல்கிறேன், மழையில் போய்ப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இலவசமாகப் பரீட்சை நடத்துகிறது. நான் அடுத்த புதன்கிழமை சாயங்காலம், ஆபீஸ் விட்டு, குடையோடு போனேன். கோலம் இல்லை, சாம்பிராணி இல்லை. சாலை மேல் சாலையாகப் போட்டு, ரோடு அந்த வீட்டு வாசலைவிட அரையடி உயர்ந்திருந்தது ஞாயிற்றுக்கிழமை கண்ணில் படவில்லை. இப்போது தெரு மழைத் தண்ணீரெல்லாம் விருந்தாளி மாதிரி நேராகக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போயிற்று.

அந்த வீடு வேண்டாம் என்று ஆனது. ஆனால் வீட்டைப் பார்க்கும் கண் வந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று அலைந்து கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தை ஜெராக்ஸில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். பாங்க்கில் வைத்திருந்தால் 'பாங்க்கில் இருக்கிறது' என்று சொல்லி, எந்தக் கிளை, எவ்வளவு பாக்கி என்று காட்ட வேண்டும். 'ஊரில் மாமா வீட்டு பீரோவில் இருக்கிறது' என்றால் அந்த மாமா வட்டிக்கு விடுகிறவரா என்று விசாரியுங்கள். கைமாற்றுக்கு அடகு வைத்த பத்திரம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. அந்தச் சான்றிதழை முப்பது வருஷத்துக்காவது போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில் என்றும் பாருங்கள். வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்கட்டும். விற்கிறவரே 'நம்ம வக்கீல் இருக்கார்' என்றால், அவர் அவருடைய வக்கீல்!

காலி மனை என்றால் அங்கீகாரம் உள்ளதா என்பதே முதல் கேள்வி. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை ஹைகோர்ட் நிறுத்தியபோது, மகள் கல்யாணத்துக்கு மனையை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஃப்ளாட் என்றால் 'ஆயிரம் சதுர அடி' என்பதில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவெல்லாம் சேர்த்தியா என்று கேளுங்கள். உள்ளே நீங்கள் பாய் போட்டுப் படுக்கக்கூடிய இடம் எவ்வளவு என்பதுதான் கார்ப்பெட் ஏரியா. நிலத்தில் உங்களுக்கு எழுதித் தரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் கேளுங்கள். கட்டடம் கிழமாகும், அந்தப் பங்குதான் இளமையாகவே இருக்கும்.

அப்புறம் பணம். 50 லட்ச ரூபாய் வீடு என்றால் 50 லட்சம் போதாது. விற்பனைப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக நாலரை லட்சம். முப்பதிலிருந்து எழுபத்தைந்து லட்சம் வரையான கடனுக்கு பாங்க் அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரும். மீதி பத்து லட்சமும் அந்த நாலரையும் உங்கள் கையிலிருந்து. 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து, விற்கிறவர் பெயரில் வருமான வரிக்குக் கட்டுகிற பொறுப்பும் வாங்குகிற உங்களுடையது. இதற்கு மேல் புரோக்கர், வக்கீல், ஜன்னலுக்குக் கொசு வலை!

இனி திருடன் கதை.

எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்டை விற்பதற்கு முதலில் காகிதங்களைத் தயார் செய்தேன். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, அப்பா பெயரிலேயே இருந்த ஈ.பி. கணக்கு. அம்மா, அக்கா, நான் மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். மதுரையிலிருந்து அக்காவை அட்வான்ஸ் வாங்கிய பிறகு அல்ல, முன்னாலேயே பேசிச் சம்மதிக்க வைத்துவிட வேண்டும். பத்திரப் பதிவன்று 'மாப்பிள்ளைக்கு லீவு இல்லை' என்று ஃபோன் வரும்.

பிறகு பரணைக் காலி செய்தோம். இரண்டு ஓட்டை டிரங்குப் பெட்டி, செத்துப் போன மிக்ஸி மூன்று, பழைய டி.வி.யின் அட்டைப் பெட்டி (டி.வி.யே இல்லை). ஒரு டெம்போ சாமான் வெளியே போனதும், 620 சதுர அடி திடீரென்று 700 மாதிரி ஆகிவிட்டது. ஒழுகின குழாய்களுக்கு வாஷர், ஃப்யூஸான பல்புகள், அழுத்தினால் அழுகிற காலிங் பெல், காலண்டர் மாட்டிய பதினேழு ஆணிகள்... எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டவில்லை. வாங்க வருகிறவர் கண் முதலில் போவது இந்த மூவாயிரம் ரூபாய் விஷயங்களில்தான்.

கடைசியாக ஹால் மூலை. மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கசிந்து, சுவரில் இந்திய வரைபடம் போல ஓர் ஈரம். பெயின்டர் பார்த்தார்.

"ரெண்டு கோட்டு அடிச்சிரலாம் ஸார். ஆறு மாசத்துக்குத் தெரியாது. அதுக்குள்ள நீங்க கை மாத்திடுவீங்க."

என்ன நிறம் என்று கேட்டேன். ஷேட் கார்டை விரித்து ஒன்றில் விரலை வைத்தார். தந்த நிறம்.

எனக்கு உடனே முடிச்சூர் கேசரி தொண்டை வரை வந்தது.

ஆறு மாதம் கழித்து அந்த மூலையைப் பார்த்து ஒருத்தர், என்னைப் போலவே இருபது வருஷக் கடனில் இருப்பவர், மனைவியிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மேல் வீட்டு மாமாவிடம் போய்ப் பேசி, ஆளுக்குப் பாதி என்று பாத்ரூம் தரையை உடைத்துக் குழாயை மாற்றினோம். என் பங்கு பதினெட்டாயிரம். ஒரு மாதம் சுவரைக் காய விட்டு, அப்புறம்தான் பெயின்ட். பில்லைப் பத்திரத்தோடு சேர்த்து ஃபைலில் வைத்தேன்.

முதலில் வந்தவரிடம் இதைச் சொன்னேன். 'கசிவா?' என்றார், காபி ஆறுவதற்குள் போய்விட்டார். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து மூன்று வாரம் யாருமே வரவில்லை. மனைவியிடம், "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டேன். அவள், "பிளக் பாயின்ட்" என்று மட்டும் சொன்னாள்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார், மகளுக்காக. புதன்கிழமை, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை வாசலில் சாய்த்தார். காபி வேண்டாம் என்றார். நேராக அந்த மூலைக்குப் போனார். கீழே இஸ்திரிக்காரர் சொல்லியிருக்க வேண்டும்! நான் ஃபைலை எடுப்பதற்குள், உள்ளங்கையைச் சுவரில் பதித்து, ஜுரம் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"காய்ஞ்சிருக்கு" என்றார். பிறகு திரும்பி, "காபி கொஞ்சம் கிடைக்குமா?"