அரிக்கமேட்டை அமைத்தது யார்?

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் பயணியின் கண்ணில் படுவது தோப்பும் ஒரு பழைய பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் இடிசுவரும்தான். ஆனாலும் 'ரோமானியர் அமைத்த துறைமுகம்' என்ற பேச்சு இந்த மேட்டை விட்டுப் போவதாயில்லை. அது எப்படி நிலைபெற்றது என்று தேடினால் 1945-இல் நடந்த அகழாய்வுக்குப் போய்ச் சேர்கிறோம். அதை நடத்திய மார்ட்டிமர் வீலர் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே இதை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்றது. இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புக் கிண்ணங்களின் உடைசல்கள் அவருக்குக் கிடைத்திருந்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டிருந்ததால், அவற்றோடு கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய கொடை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மண்ணடுக்கின் காலத்தைச் சொல்லும் ஓடு, ஊரை நிறுவியவரின் பெயரையும் சொல்லிவிடாது. காலக்கணிப்புக்குக் கிடைத்த சான்றை உரிமைப் பத்திரமாக வாசித்ததில்தான் சிக்கல்.

வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை தோண்டிய பிரெஞ்சு அறிஞர் காஸால், தென்பகுதியில் இத்தாலியப் பாண்டங்களுக்கு முந்தைய அடுக்குகளில் கறுப்பு-சிவப்புப் பானைகளைக் கண்டார். ரோமானியச் சரக்கு வரும் முன்பே அங்கே குடியிருப்பு இருந்திருக்கிறது. வீலரும் அங்கே மீனவர் வாழ்ந்ததை மறுக்கவில்லையே என்று கேட்கலாம். மறுக்கவில்லைதான், ஆனால் அவர் கதையில் அவர்கள் மேற்கிலிருந்து யவனர் வரும்வரை காத்திருக்கும் எளிய சனங்கள். உள்ளூரிலேயே கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து கடல் கடந்து அனுப்பிய ஊருக்கு அந்த வேடம் பொருந்தவில்லை.

ரோமானியர் அமைத்தார்கள் என்பதற்கு வலுவான எதிர்வாதம் இங்கே கிடைத்த ரௌலட்டட் கிண்ணத்திலிருந்து வருகிறது. மெல்லிய சாம்பல் நிறக் களிமண், உட்புறத் தரையில் வட்டவட்டமாகப் புள்ளி வரிசைகள். இந்த அலங்கார முறை மத்தியதரைக் கடல் பகுதியில் வழங்கியது என்பதால் பாண்டமும் அங்கிருந்தே வந்தது என்று கருதினார்கள். விமலா பெக்லி 1983-இல் எழுதிய கட்டுரையில் இதை மறுபரிசீலனை செய்து, இது இந்தியாவில் செய்யப்பட்டது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே தொடங்கியது என்று வாதிட்டார். பரவலைப் பாருங்கள்: வங்காளத்தில் கிடைக்கிறது, அனுராதபுரத்தில் கிடைக்கிறது, பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைகளில் கொஞ்சம் உண்டு; அது இங்கிருந்து போனது. ரோமானியப் பாண்டமாக இருந்திருந்தால் ரோமானிய நிலத்தில் அல்லவா குவிந்து கிடக்க வேண்டும்? புள்ளியிடும் உத்தி மேற்கிலிருந்து வந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் வாதம் சாயாது. உத்தியைக் கற்றுக்கொண்ட குயவர் இங்கேதான் இருந்தார்.

அப்படியானால் இங்கே கிடைத்த ஆம்போராச் சாடிகள்? மேற்கிலிருந்து மது வந்ததற்கு அவை சான்று, ஐயமில்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் பேசுகிறது. குடித்தவர் யவனரா, வாங்கும் வசதி படைத்த உள்ளூர்க்காரரா என்பதைச் சாடி சொல்வதில்லை. யவனர் சிலர் அங்கே தங்கியிருக்கவும் கூடும். தங்க வந்தவர்கள் தேர்ந்தெடுத்தது ஏற்கெனவே குடியிருப்பு இருந்த ஒரு கரையைத்தான்.